முன்சக்கரம் எழும்பினால் நேரம் போச்சு!

சைக்கிள் மிதியை ஓங்கி மிதித்தபோது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியதுண்டா? டிராக் பந்தயக்காரரின் தலைவலியும் அதுதான். தடம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டும். சுசூகி ஹயபூசா போன்ற வண்டிக்கு எஞ்சின் வலிமையில் குறைவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கினால் வண்டி பின்பக்கமாகக் கவிழும். அதற்கு அஞ்சி முறுக்கைத் தளர்த்தும்போதுதான் நேரம் வீணாகிறது.

ஒரு கணக்குப் போடுவோமா? வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த ஈர்ப்பு மையம், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 70 செ.மீ. முன்னால், 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள். 70ஐ 60ஆல் வகுத்தால் 1.17. வண்டியின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1.17 மடங்கைத் தாண்டினால் முன்சக்கரம் எழும்பிவிடும். மையத்தை 5 செ.மீ. இறக்கினால்? எல்லை 1.27 மடங்காகிறது. எஞ்சினைத் தொடவே இல்லை!

அதனால்தான் முன் சஸ்பென்ஷனைப் பட்டையால் இறுக்கிக் கட்டித் தாழ்த்துகிறார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டுகிறார்கள். அந்த 70 செ.மீ. இன்னும் கூடும். டயர் வழுக்கினால் மட்டும் எதுவும் பலிக்காது.

இப்படித் தாழ்த்திய வண்டியைச் சாலை வளைவில் சாய்த்துப் பார்த்தால், அடிப்பகுதி தாரில் உரசும்.