தீவகத்துத் துலா

மலையினின்றும் ஆறு பாயும் நாடுகளிலே நீர் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சக்கரம் ஆலையை இயக்கித் தானியத்தை அரைக்கின்றது. அங்கே நீர் மனிதனுக்கு ஊழியம் செய்கின்றது. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலோ மலையுமில்லை, ஆறுமில்லை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் நன்னீர் நிலத்தின் கீழே கிடக்கின்றது. அதனை மேலே கொணர மனிதனே உழைத்தல் வேண்டும். அவ்வுழைப்புக்குத் துணையாக நம் முன்னோர் கையாண்ட பொறியே துலா.

தமிழகத்தார் இதனை ஏற்றம் என்பர். பண்டை எகிப்தியரின் கல்லறை ஓவியங்களிலும் இவ்வினப் பொறியைக் காணலாம்.

கிணற்றருகே நாட்டப்பெற்ற உறுதியான கால்கள் ஆடுகால் எனப்படும். அவற்றின் உச்சியிலே குறுக்காக ஓர் அச்சுக்கட்டை பொருந்தியிருக்கும். அதனைத் தாங்கலாகக் கொண்டு ஏறியும் தாழ்ந்தும் ஆடும் நெடுமரமே துலா. அதன் நுனியிலிருந்து தொங்கும் கயிறு துலாக்கொடி. கயிற்றின் முனையிலே பட்டை கட்டப்படும். நெடுமரத்துக்குப் பனந்தண்டும், பட்டை இழைக்கப் பனையோலையும் உதவின. நீரிறைக்கும் பொறிக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதியைத் தீவகத்துப் பனையே தந்தது எனலாம்.

இதன் இயக்கம் நெம்புகோலின் தத்துவமே. கிணற்றுப்புறம் நீண்டும் அடிப்புறம் குறுகியும் இருக்கும். வீட்டுக் கிணறாயின் அடிப்புறத்திலே கல்லையோ மரக்குற்றியையோ பாரமாகக் கட்டுவர். இறைப்பவர் வெறும் பட்டையைத் தம் உடற்பாரத்தால் கீழே இழுப்பார். நிறைந்த பட்டை எழும்போது அடிப்புறப் பாரம் கைகொடுக்கும். பாரத்தைத் தூக்குவதினும் கயிற்றைக் கீழ்நோக்கி இழுப்பது உடலுக்கு எளிதன்றோ? அவ்வெளிமையே துலா செய்யும் உபகாரம்.

தோட்டக் கிணற்றிலே மனிதரே பாரமாவர். துலாவின்மீது ஏறிக் கிணற்றுப்புறம் நடந்தால் பட்டை தாழும். அடிப்புறம் மீண்டு நடந்தால் பட்டை எழும். இதுவே துலா மிதித்தல். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். வாய்க்கால் வழியே வரும் நீரை மற்றொருவர் பாத்திக்குப் பாத்தி திருப்புவார். புகையிலையும் மிளகாயும் இவ்வாறே வளர்ந்தன. கால் தவறினால் உயிருக்கே இடர் நேரக்கூடிய கடுந்தொழில் அது.

துலாவின் பயனை முற்றும் உணர, அது இறைக்கும் நீரின் இயல்பையும் அறிதல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியே கீழிறங்குகின்றது. நாற்புறமும் சூழ்ந்த கடலின் உவர்நீரும் அப்பாறையுள் ஊடுருவி நிற்கின்றது. நன்னீர் இலேசானதாதலின் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து தேசத்துப் பொறியியலாளர் பாதன் கெய்பனும், 1901இல் ஜேர்மனி தேசத்து ஹேர்ஸ்பேர்க்கும் இவ்வுண்மையைக் கணக்கிட்டு விளக்கினர். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அவர்தம் கணக்கு. மேலே 1 அடி குறைந்து அக்குறைவு நீடிக்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் 40 அடிவரை உயர இடமுண்டு.

இங்கேதான் துலாவின் மெதுவான நடை ஒரு காவலாயிற்று. ஆள் களைத்தால் துலா நிற்கும். துலா நின்றால் கிணறு ஊறும். மனித உடலின் எல்லையே நீரிறைப்புக்கும் எல்லையாக அமைந்தது.

1950ஆம் ஆண்டுகள் தொட்டு மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பரவின. உழவரின் கால்களுக்கு அவை தந்த ஆறுதல் பெரிது; அதனை எவரும் மறுக்கார். ஆயினும் இயந்திரம் களைப்பதில்லை. கிணறு வற்றி உவர் ஏறும்வரையும் அது இறைக்கவல்லது. உவர் ஏறிய கிணற்றைத் திருத்துவதற்கு ஒரு மாரி போதாமலும் போகலாம்.

ஆகவே, முன்பு உடல் விதித்த எல்லையை இனி அறிவு விதித்தல் வேண்டும். ஒரே கிணற்றில் ஓயாது இறையாமல் இடைவெளி விட்டு இறைத்தலும், குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மாரிநீர் கடலுக்கு ஓடிவிடாமல் நிலத்துள் இறங்கச் செய்தலும் அவ்வறிவின் பாற்பட்டனவாம். துலா ஓய்ந்துவிட்ட கிணற்றடிகளிலும் அந்த நிதானம் ஓயாதிருக்குமாயின், தீவகத்து நன்னீர் வரும் தலைமுறைக்கும் எஞ்சும்.