உங்கள் வீட்டு அரிசி வந்த வழி

சிந்தாதிரிப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனமானாலும் சரி, மயிலாப்பூரில் சொந்த வீடானாலும் சரி, அரிசி டின்னைத் திறந்ததும் நம் கண் முதலில் தேடுவது வண்டைத்தான், இல்லையா? வண்டைக் கண்டதும் கடைக்காரரைத் திட்டுகிறோம். ஆனால் அதன் கதை பல சமயம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் களத்து மேட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

ஈரம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். நெல்லில் ஈரம் 14 சதவிகிதத்தைத் தாண்டினால் நெடுநாள் வைக்க முடியாது. மூட்டைக்குள் சூடு ஏறும், பூசணம் பிடிக்கும், வண்டு பெருகும். அதனால், 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கக் கூடாதென்பது பொது விதி. ஆனால் குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் சேர்ந்தல்லவா வருகின்றன! நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருக்கும் குடியானவர் என்ன செய்வார், பாவம்? தார்ப்பாயைப் போர்த்துவதும், வெயில் கண்டதும் கிளறுவதுமாக நாள் போகிறது. சில வருஷங்களில் குவியலிலேயே நெல் முளைத்துவிட்டதும் உண்டு. மழை மிஞ்சினால் மத்திய அரசு வரம்பைச் சற்றுத் தளர்த்துகிறது. குடியானவர் மூச்சு விடுகிறார். ஆனால் ஈரம் அப்படியே இருக்கிறதே! உலர்த்தும் இயந்திரமும் கூரை போட்ட களமும் வேண்டுமென்பது இதனால்தான்.

1965 ஜனவரி 14ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் பிறந்தபோது, தலைமை அலுவலகம் நம் சென்னையில். முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நெல்லை வாங்குவது, அரைப்பது, கிடங்கில் காப்பது, ரேஷன் கடைக்கு அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. விளைவிப்பவருக்கு நிச்சயமான விலை, நமக்கு நிச்சயமான அரிசி என்பதே ஏற்பாடு.

வீட்டுக்கு வந்தபின் பொறுப்பு நம்முடையது. பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டின்னைக் கழுவி, நன்றாகக் காய வைத்து நிரப்புங்கள். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கடும் வெயிலில் அரிசி நொறுங்கும். நிழலில் பரப்பினால் போதும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்று செய்திருக்கிறார்கள். அரிசிக்குள் செருகினால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியே விழுந்து மாட்டிக்கொள்ளும். மருந்தே வேண்டாம்!

புழுத்த அரிசி போட்டால் வாய் திறக்காமல் வாங்கி வராதீர்கள். 1967 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் சொல்லுங்கள். 2011 முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி இலவசம்தான். ஆனால் இலவசம் நமக்குத்தானே தவிர, மழையில் நெல்லைக் காத்து நின்றவருக்கு அல்லவே!