மறைநூலும் அயலார்மேல் ஐயமும்

சமயத்தின் பெயரால் எங்கேனும் இரத்தம் சிந்தப்படும்போதெல்லாம், செய்தி முழுவதும் வந்து சேருமுன்னரே ஒரு விவாதம் எழுந்துவிடுகின்றது. கொன்றவன் முஸ்லிமாயிருப்பின், அவன் வேதமே அங்ஙனம் கட்டளையிடுகின்றது என்பர் ஒரு சாரார். அவ்வேதம் சமாதானமன்றி வேறொன்றையும் போதிக்கவில்லை என்பர் மற்றொரு சாரார். இருதிறத்தாரும் ஆளுக்கொரு வசனத்தை எடுத்து வீசுவர். அவ்வசனத்தின் முன்னும் பின்னும் யாதுளது என்று பார்த்தவர் மிகச் சிலரே. விவாதம் ஓய்ந்தபின் எஞ்சி நிற்பது, தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் அயலான்மேல் புதிதாகத் தோன்றிய ஐயம் ஒன்றே. வாடகைக்கு வீடு கேட்டு வரும் குடும்பத்தின் பெயரைக் கேட்டவுடன் கதவு சாத்தப்படுவதும் அவ்வையத்தின் விளைவேயாம்.

சொற்போர்க் கழகங்களில் பயிலும் மாணவர்க்கு இப்பொருள் அடிக்கடி நேர்படுவதாகலின், இதனை முறையாக ஆராய்வது எங்ஙனம் என்று ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இதற்குத் தொலைதேசச் சரித்திரங்களைத் தேடியலைய வேண்டுவதில்லை. மதுரை மாநகரின் சரித்திரமே போதிய சான்றுகளைத் தருகின்றது. அவற்றுள் கேட்க இனியனவும் உள, இன்னாதனவும் உள. இரண்டையும் ஒருங்கே நோக்குதல் நம் கடன்.

இன்னாததை முதலிற் கூறுவோம். 1335-ஆம் ஆண்டளவில், தில்லிப் பேரரசர் முகம்மது பின் துக்ளக்கின் ஆணைக்குட்பட்டு இந்நாட்டை ஆண்டுவந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, தம் தலைவருக்கு மாறாகக் கிளர்ந்து, தம்மைச் சுல்தான் என அறிவித்துக்கொண்டார். அதுமுதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மதுரை தனிச் சுல்தானிய நாடாக இருந்தது. அக்காலத்துக் கொடுமைகள் வெறுங் கட்டுக்கதையல்ல. மதுரையை வென்ற விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் தேவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விஜயம் என்னும் காவியம், பாழ்பட்ட கோயில்களின் நிலையை வருணிக்கின்றது. அது வெற்றி பெற்றோர் தரப்பு நூலாதலின் மிகைபடக் கூறியிருக்கலாம் என்று ஒருவர் வாதிக்கக்கூடும். ஆனால் கொடுமைக்கு வேறொரு சாட்சியும் உளர்; அவர் முஸ்லிம்.

மொராக்கோ தேசத்துத் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா என்னும் யாத்திரிகர், தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக, அதாவது இஸ்லாமியச் சட்டப்படி வழக்குத் தீர்ப்பவராக, இருந்தவர். 1344-ஆம் ஆண்டை ஒட்டி அவர் மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் வந்து தங்கினார். சுல்தானும் அவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள். பிடிபட்ட ஏழைக் குடிகளைச் சுல்தான் கழுவேற்றியதையும், பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதையும் அவர் தம் யாத்திரை நூலில் மறையாது எழுதியுள்ளார். ஒருகால் சுல்தானுடன் உணவருந்துகையில், ஒருவனும் அவன் மனைவியும் சிறுமகனும் கொண்டுவரப்பட்டு அவ்விடத்திலேயே தலை வெட்டுண்டனர். காஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறிதொருகால் அத்தகைய காட்சி தொடங்கவே, தொழுகைக்கு நேரமாயிற்று என்று கூறி எழுந்தார். இத்தகைய இழிசெயலை வேறெவ்வரசரிடமும் தாம் கண்டதில்லை என்றும், அதனாலேயே இறைவன் அச்சுல்தானுக்கு விரைவில் சாவை அனுப்பினான் என்றும் அவர் முடிவு கூறுகின்றார்.

இதனை ஊன்றி நோக்குவோமாக. சுல்தான் ஓதியதும் காஜியார் ஓதியதும் ஒரே குர்ஆன். அதனை நன்கு கற்றவர் காஜியாரே. ஒருவர் கொன்றார், மற்றவர் அதனைப் பாவமென்று தீர்த்தார். கொலைக்குக் காரணம் நூல் மட்டுமேயாயின் இவ்வேறுபாடு தோன்றுதற்கு இடமில்லை. அன்றியும், அஹ்சன் ஷாவும், பின்னர் நாற்பது நாள் ஆண்ட குத்புத்தீனும் தம் சமயத்தவராலேயே கொலையுண்டனர். அரசுரிமை வேட்கையும், புதிதாகக் கவர்ந்த நாட்டை அச்சத்தினால் அடக்கும் கொள்கையும் அக்கொடுமைகளிற் பெரும்பங்கு கொண்டன என்பது தெளிவு. எனினும் சமயத்திற்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. பிற சமயத்தார் என்பதனாலேயே அக்குடிகளின் உயிர் மலிவாக எண்ணப்பட்டது என்பதை அக்காஜியாரின் நூலே காட்டுகின்றது.

இனி மற்றப் பக்கத்தையும் காண்போம். சுல்தான்கள் வருமுன்னரே முஸ்லிம்கள் பாண்டிநாட்டில் வாழ்ந்தனர். அராபிய வணிகர் காயல் துறைமுகத்தில் குதிரைகளைக் கொணர்ந்து இறக்கினர். அவர்களுள் தகியுத்தீன் என்பார் பாண்டிய மன்னரின் அமைச்சராயிருந்தனர் எனப் பாரசீகச் சரித்திர ஆசிரியர் வஸ்ஸாப் கூறுகின்றார். 1311-இல் மாலிக் கபூர் படையெடுத்து வந்தபோது, அரசுரிமைக்காகச் சுந்தர பாண்டியரும் வீர பாண்டியரும் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்தனர். அவ்வமயம் வீர பாண்டியரின் படையில் முஸ்லிம் வீரர் இருந்தனர் என்று, மாலிக் கபூரைப் புகழ்ந்தெழுதிய அமீர் குஸ்ருவே குறிக்கின்றார். வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் தர்காவின் பழைய நிலக்கொடையை, 1573-இல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்ததாக அங்குள்ள சாசனம் அறிவிக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரையை நிர்வகித்த கான்சாகிபு என்னும் யூசுப் கான், மீனாட்சியம்மன் கோயிலின் குலைந்த வருமானத்தை மீண்டும் நிலைநிறுத்தினார். அவரை 1764-இல் மதுரையில் தூக்கிலிட்டவர், அவரைப் போலவே முஸ்லிமாகிய ஆர்க்காட்டு நவாபும், அவருக்குத் துணைநின்ற ஆங்கிலேயரும் ஆவர். இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, இரு சமயங்கள் எதிரெதிர் நின்று பொருத ஒற்றைப் போராக நம் நகரின் சரித்திரத்தைச் சுருக்குதல் இயலாது.

அடுத்து மறைநூலுக்கு வருவோம். விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் ஐந்தாம் வசனம். விலக்கப்பட்ட மாதங்கள் கழிந்தபின் இணைவைப்போரைப் போரிட்டுக் கொல்லுமாறு அது பணிக்கின்றது. இதனை மட்டும் தறித்தெடுப்பவர், நான்காம் வசனம் உடன்படிக்கையை மீறாதோரை விலக்குவதையும், ஆறாம் வசனம் அடைக்கலம் வேண்டி வருவோனைக் காத்து அவனுக்குப் பாதுகாப்பான இடத்திற் சேர்ப்பிக்குமாறு கூறுவதையும், பதின்மூன்றாம் வசனம் எதிரிகள் வாக்குத் தவறியதையும் முதலில் தாக்கியதையும் காரணமாகக் காட்டுவதையும் விட்டுவிடுகின்றனர்.

ஆனால் எதிர்வாதியும் இக்குற்றத்திற்கு முற்றும் விலக்கானவரல்லர். ஓருயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்னும் கருத்துடைய ஐந்தாம் அத்தியாயம் முப்பத்திரண்டாம் வசனத்தை அவர் எடுத்துக் காட்டுவார். அது இஸ்ரவேல் மக்களுக்கு விதிக்கப்பட்டதாகக் கூறப்படுவதையும், கொலைக்குப் பழியாகவோ நாட்டில் குழப்பம் செய்ததற்காகவோ கொல்லுதல் அதில் விலக்காக வைக்கப்பட்டிருப்பதையும், அடுத்த வசனம் கடுந்தண்டனைகளை விதிப்பதையும் அவர் கூறுவதில்லை. மேலும், ஒன்பதாம் அத்தியாயத்துப் போர்க்கட்டளை முந்திய சமாதான வசனங்களை நீக்கிவிட்டது என்று கொண்ட உரையாசிரியர்கள் முற்காலத்தில் இருந்தனர். அது ஒரு குறிப்பிட்ட காலத்திற்கும் குறிப்பிட்ட எதிரிகளுக்கும் மட்டுமே உரியது என்று கொண்டோரும் இருந்தனர். இக்காலத்துத் தீவிரவாதிகள் முன்னதைப் பற்றிக்கொள்கின்றனர்; பெரும்பாலான முஸ்லிம் அறிஞர் பின்னதைப் போதிக்கின்றனர். ஆகவே, நூல் கொலையைக் கட்டளையிடுகின்றது என்பதும், நூலுக்கும் கொலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதும் ஆகிய இரண்டும் குறைவாதங்களே. நூலை எவர், எக்காலத்தில், எந்நோக்கத்தோடு, எவ்வுரையைத் துணைக்கொண்டு படிக்கின்றனர் என்பதே வினவத்தக்கது.

இவ்வளவுகோலை ஒரு சமயத்திற்கு மட்டும் பிடித்தல் நேர்மையன்று. கிறிஸ்தவர் போற்றும் விவிலியத்தில், எரிகோவில் ஆடவர் பெண்டிர் முதியோர் இளையோர் அனைவரும் வாளுக்கிரையானதாக யோசுவாவின் ஆகமம் கூறுகின்றது. அமலேக்கியரைக் குழந்தைகளோடு அழிக்குமாறு சவுலுக்குக் கட்டளை பிறந்ததாக முதலாம் சாமுவேல் பதினைந்தாம் அதிகாரம் கூறுகின்றது. 1099-இல் எருசலேமைக் கைப்பற்றிய சிலுவைப் போர்வீரர் அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதரையும் வெட்டி வீழ்த்தினர். ஆயினும் இன்று திருமறை ஏந்தி ஆலயம் செல்லும் கிறிஸ்தவரைக் கண்டு அஞ்சுவார் யாருமில்லை. சைவரோ, ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் வரலாற்றைப் பெரிய புராணத்திற் படிக்கின்றனர். அந்நூல் நிகழ்ச்சிக்கு ஐந்து நூற்றாண்டு பிற்பட்டது. அதன்பின்னும் கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஒன்பது பத்தாம் நூற்றாண்டுகளில் சமணர் சிற்பங்கள் செதுக்கி வாழ்ந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உளது. புராணத்தை இங்ஙனம் காலமும் சான்றும் நோக்கி ஆராயும் நாம், அயலாரின் நூலுக்கும் அவ்வுரிமையை அளிக்க வேண்டாவோ?

நூலின் துணையின்றியும் மனிதர் கூட்டமாய்க் கொல்வர் என்பதற்கு நம் மொழி பேசும் ஈழநாடே சாட்சி. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் பல்லாயிரவர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்தோர்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. புலிகள் எந்த மறைநூலின் பெயராலும் போர் செய்தவரல்லர். ஒரு சிலர் எதிரிக்குத் துணைபோகின்றனர் என்னும் ஐயம், கைக்குழந்தை உட்பட அனைவரையும் பகைவராக்கிற்று.

ஐயம் செயல்படும் வழி இதுவே. ஒருவன் செய்கையிலிருந்து அவன் நூலுக்குத் தாவுகின்றது. நூலிலிருந்து அதனை ஓதும் அனைவர்க்கும் தாவுகின்றது. இரண்டு தாவல்களுக்கும் இடையே சான்று எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் மாண்டனர். அவர்கள் அக்கொலையைச் செய்தவரல்லர். 1998 பெப்ரவரி 14-ஆம் நாள் அந்நகரில் வெடித்த குண்டுகளால் 58 பேர் மாண்டனர். அவர்களும் முந்திய கலவரத்தைச் செய்தவரல்லர். பழிவாங்குவோன், குற்றவாளியை விட்டு அவன் பெயரையொத்த பெயருடையானைத் தேடுகின்றான். இருசாராரும் செய்தது ஒரே பிழை.

இப்பிழை நீதிக்கு மட்டுமன்றிக் காவலுக்கும் கேடு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த திருநாளன்று இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்கொடுஞ்செயலின் தலைவனைப்பற்றி நெடுநாள் முன்னரே அரசினரிடம் முறையிட்டவர்கள், அவனது சொந்த ஊராகிய காத்தான்குடியின் முஸ்லிம்களே. அவர்கள் சொல்லுக்கு ஏற்ற செவி கிடைத்திலது. குண்டுகள் வெடித்தபின்னரோ, அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. எச்சரிக்கக் கூடியவரையே பகைவராக எண்ணும் சமூகம், தன் வீட்டுக் காவலனைத் தானே விரட்டுகின்றது.

ஆனால் பிணக்கே கூடாது என்று நாம் கூறவில்லை. அயலாரிடையே பிணக்கு எழுதல் இயல்பு. அதனைத் தீர்க்கும் முறையே கருதத்தக்கது. மதுரைக்கு அணித்தேயுள்ள திருப்பரங்குன்றம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முருகப் பெருமானின் படைவீடாகிய அக்குன்றின் உச்சியில் சிக்கந்தர் தர்கா உளது. குன்றின் உரிமை குறித்து 1920-இல் வழக்கு எழுந்தது. 1923-இல் மதுரைச் சார்பு நியாயஸ்தலம், குன்று கோயிலுக்குரியது என்றும், பள்ளிவாசலும் கொடிமரமும் நிற்கும் உச்சிப்பாறை, நெல்லித்தோப்பு, அங்கிருந்து மேற்செல்லும் படிகள் ஆகியவை முஸ்லிம்களுக்குரியன என்றும் தீர்த்தது. உயர்நீதிமன்றம் இதனை மாற்றிற்று. 1931 மே மாதத்தில் இலண்டன் பிரிவி கவுன்சில் முந்திய தீர்ப்பையே நிலைநாட்டியது. பலியிடுதல் பற்றியும் தீபமேற்றுதல் பற்றியும் எழுந்த புதிய பிணக்குகள் 2025-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தன. பலியிடுதல் பற்றிய வழக்கில் நீதிபதிகள் இருவர் வேறுபட்டமையால் மூன்றாமவர் கேட்க நேர்ந்தது. கற்றறிந்த நீதிபதிகளே கருத்து வேறுபடக்கூடிய பொருளை, நாற்சந்தியில் கூக்குரலிட்டுத் தீர்க்கலாம் என்று எண்ணுவது பேதைமை. 1923-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு சமயத்தாரின் குணத்தை ஆராயவில்லை. இப்படி யாருடையது, இத்தோப்பை எவர் ஆண்டனர் என்றே ஆராய்ந்தது. இருசாராரும் வேண்டியது முழுதும் பெறவில்லை. எனினும் ஒவ்வொருவர்க்கும் தம் எல்லை புலனாயிற்று.

மாணவர் மேடையேறும்போது இம்முறையையே கைக்கொள்வாராக. வசனத்தை எடுப்பின் அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றையும் கூட்டிப் படித்தல் வேண்டும். கொடுமை நிகழ்ந்திருப்பின், செய்தவர் நம்மவராயினும் அயலாராயினும் மறைத்தலாகாது. ஒரு சமயக் கொள்கையைத் தவறென்று கூற எவர்க்கும் உரிமை உண்டு. அக்கொள்கையுடையான் எனப்படும் ஒரே காரணத்தால் ஒருவனைக் குற்றவாளியாக்க எவர்க்கும் உரிமையில்லை. முஸ்லிம் மாணவனை எழுப்பி, உலகில் எங்கோ நிகழ்ந்த கொலைக்கு நீ விடை கூறு என்று கேட்பது விவாதமாகாது. நம் வகுப்புகளில் அவன் நம் பக்கத்தில் அமர்ந்து படிக்கின்றான். அவன் நூலைப்பற்றி அறிய விரும்பின், குற்றக்கூண்டில் நிறுத்தாது, நண்பனிடம் கேட்பதுபோற் கேட்போம். அவனும் நம் நூல்களைப்பற்றிக் கேட்பான். அதற்கு விடை கூறவும் நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.