அழுத்தமின் மின்னோடிகளின் துல்லிய மேம்பாடு

அழுத்தமின் மின்னோடி (பீசோ மோட்டார்) என்பது, மின்னழுத்தம் கொடுக்கும்போது சிறிதளவு நீளும் பீங்கான் பொருளைக் கொண்டு இயங்கும் கருவி ஆகும். அழுத்தமின் விளைவை 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். 1981இல் உருவான வருடு ஊடுருவல் நுண்ணோக்கியின் ஊசிமுனையை நகர்த்தியதும் இத்தகைய பீங்கான்களே.

பிழைகளுக்கான காரணங்கள்

ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் (பி.இசட்.டி.) பீங்கான் தன் நீளத்தில் ஏறத்தாழ 0.1% மட்டுமே நீளும். 10 மி.மீ. அடுக்கு 10 மைக்ரோமீட்டர் நகரும். ஆனால் மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நீளம் ஒரே பாதையில் மாறுவதில்லை. இது தயக்கம் எனப்படும். இது 10 முதல் 15% வரை இருப்பதால், ஒரே மின்னழுத்தத்தில் நிலை 1 மைக்ரோமீட்டருக்கும் மேல் வேறுபடலாம். மின்னழுத்தம் மாறாதபோதும் பீங்கான் மெல்ல நீள்வது ஊர்வு ஆகும். நுண்ணோக்கிப் படங்கள் கோணலாகத் தெரிய இவ்விரண்டும் காரணமாகின்றன.

ஒட்டி வழுக்கும் வகை மின்னோடிகளில், பீங்கான் மெதுவாக நீளும்போது உராய்வு நகரியை உடன் இழுத்துச் செல்கிறது; சட்டென்று சுருங்கும்போது நகரி நிலைமத்தால் அங்கேயே நிற்கிறது. உராய்வும் சுமையும் மாறினால் அடியின் அளவும் மாறும். எனவே அடிகளை எண்ணி மட்டும் நிலையை அறிய இயலாது.

மேம்பாட்டு முறைகள்

பின்னூட்டம்: கொண்மை உணரி அல்லது திரிபுமானி உண்மையான நிலையை அளக்கிறது, கட்டுப்படுத்தி பிழையைத் திருத்துகிறது. தயக்கம், ஊர்வு இரண்டையும் இது ஈடுசெய்யும். ஆயினும் பின்னூட்டப் பெருக்கத்தை அதிகரித்தால் அமைப்பு அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வெண்ணை வடிகட்டி நீக்குவது வழக்கம்.

மின்னூட்டக் கட்டுப்பாடு: மின்னழுத்தத்திற்குப் பதிலாக மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தினால் தயக்கம் பெரிதும் குறையும்.

உணரியின் இடம்: உணரி வேலை நடக்கும் புள்ளியை ஒட்டி அமைய வேண்டும். 10 மி.மீ. தள்ளி அமைந்தால், 1 மைக்ரோரேடியன் சாய்வே 10 நானோமீட்டர் பிழையைத் தரும். இது ஆபே பிழை எனப்படும். உணரி இதைக் காணாததால் பின்னூட்டத்தாலும் திருத்த இயலாது.