டச்சு வினைச்சொல் ஏன் இடம் மாறுகிறது?

நெய்வேலி நகரியத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு நெதர்லாந்தில், ஐந்தோவனில் வேலை. டச்சு படிக்கிறாள். சொற்கள் மனதில் நிற்கின்றன, வாக்கியம்தான் பிடிபடவில்லை. வினைச்சொல் ஒரு வரியில் முன்னால் இருக்கிறது, அடுத்த வரியில் கடைசிக்குப் போய்விடுகிறது. இதற்கு ஒழுங்கே கிடையாதா?"

உண்டு. அதுவும் அழகான ஒழுங்கு. ஆங்கிலம் வழியாகத் தேடினால்தான் அது கண்ணில் படாது.

நகரியப் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி வந்து நின்றதும் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் அல்லவா? டச்சு வாக்கியத்தை அந்த வண்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லின் சொந்த இடம், தமிழைப் போலவே, கடைசி வரிசை. ஆனால் சாதாரணத் தனி வாக்கியத்தில் இரண்டாவது இருக்கை காலியாக இருக்கக் கூடாது. அதனால் காலம் காட்டும் வினைச்சொல் எழுந்து முன்னால் வந்து அதில் உட்காருகிறது. முதல் இருக்கை யாருக்கும் பொது. 'இக் பெல் யெ மோர்ஹன் ஒப்' என்றால் 'நான் நாளை உனக்குப் போன் செய்கிறேன்'. 'நாளை'யை முன்னால் கொண்டுவந்தால் 'மோர்ஹன் பெல் இக் யெ ஒப்'. 'நான்' என்ற 'இக்' வினைக்குப் பின்னால் போய்விட்டது. வினை இடம்விட்டு அசையவில்லை.

இப்போது 'ஓம்தத்' என்ற இணைப்புச் சொல் ஏறுகிறது. நம்முடைய 'செய்வதால்' என்பதில் உள்ள 'ஆல்' செய்யும் வேலை அதற்கு. அந்த இரண்டாவது இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டது அதுதான். வினைக்கு அங்கே இடமில்லை, எனவே பின்வரிசையை விட்டு எழுவதே இல்லை: 'ஓம்தத் இக் யெ மோர்ஹன் ஒப்பெல்'. இங்கே 'ஒப்', 'பெல்' இரண்டும் ஒட்டியே இருப்பதைப் பாருங்கள். 'ஒப்பெல்லன்' என்பதுதான் முழு வினை. முன்னால் ஓடும்போது அது 'ஒப்' என்ற பையைப் பின்வரிசையிலேயே விட்டுவிட்டுப் போகிறது. வினை எங்கிருந்து எழுந்து போனது என்பதற்கு அந்தப் பைதான் சாட்சி.

டச்சு அடிப்படையில் வினை கடைசியில் நிற்கும் மொழி என்று மொழியியலாளர் யான் கோஸ்டர் 1975இல் வாதிட்டார். இணைப்புச் சொல்லும் வினையும் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுகின்றன என்ற விளக்கத்தை வளர்த்தவர் இன்னொரு மொழியியலாளர், ஹான்ஸ் டென் பெஸ்டன். இரண்டு வயது டச்சுக் குழந்தைகளும் காலம் காட்டாத வினையைக் கடைசியில் விடுகிறார்கள், காலம் காட்டும் வினையை இரண்டாம் இடத்தில் வைக்கிறார்கள். யாரும் சொல்லித்தருவதில்லை.

தமிழில் இந்தப் போட்டியே கிடையாது. 'ஆல்', 'என்று' எல்லாம் வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதால் அந்த இரண்டாவது இருக்கைக்கு ஆளே வருவதில்லை.



இரண்டு மொழியிலும் வினையின் சொந்த இடம் கடைசி என்ற ஒற்றுமையைக் காட்டி 'டச்சு தமிழுக்கு உறவு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலக மொழிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வினையைக் கடைசியில் வைப்பவையே. ஆனால் தாய்மொழியின் வரிசை உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் வேலை செய்த துருக்கியரையும் மொராக்கோக்காரரையும் பற்றிய ஆய்வு ஒன்று 1981இல் வெளிவந்தது. தமிழைப் போல வினை கடைசியில் நிற்கும் மொழி பேசும் துருக்கியர், டச்சிலும் வினையைக் கடைசியில் வைக்கவே முனைந்தார்கள். 'ஓம்தத்' போன்ற சொல்லோடு வரும் துணை வாக்கியத்தில் அது சரி. தனி வாக்கியத்தில் பிழை.

ஆகவே அம்மா, மகளிடம் சொல்லுங்கள்: 'ஓம்தத்' வாக்கியங்களை முதலில் பழகட்டும், தமிழிலேயே யோசித்து. அது கைவந்த பிறகு, வினையை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவருவதை மட்டும் தனிப் பயிற்சியாகச் செய்யட்டும். அங்கே ஆங்கிலப் பழக்கமும் காலை வாரும்: 'நேற்று நான் போனேன்' என்பதை ஆங்கில வரிசையில் சொன்னால் டச்சில் தவறு. நகரியத்தில் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே யோசனைதான். அந்த மொழியிலும் விதி இதுவே.