கையேட்டுத் திரையில் தமிழெழுத்து

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்த நிலையம் வேப்பம்பட்டு. இப்பெயரில் எழுத்துகள் எத்தனை? பள்ளிப் பிள்ளை ஏழு என்பான். கணிப்பொறியோ பன்னிரண்டு குறிகளாகக் கொள்கிறது. யூனிகோடு முறையில் 'வே' என்பது வகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு; 'ப்' என்பது பகரமும் புள்ளியுமாக இரண்டு. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும். ஆக, ஊரின் பெயர் 36 பைட்டு.

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் 'மேன்' என்று ஒரு கட்டளையின் பெயரோடு தட்டினால், அதன் கையேட்டுப் பக்கம் திரையில் விரியும். யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971இல் வெளிவந்தது. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுந்த ஏற்பாடு அது. கட்டளைகளைத் தமிழில் கற்க விழையும் மாணவனுக்காக அங்கே ஒரு தமிழ்ப் பக்கத்தை வைத்தால் யாது நிகழும்?

பக்கத்தை வரிகளாக அமைத்துத் தரும் 'குரோஃப்' என்னும் நிரல், தன் உள்ளீட்டை மேலை ஐரோப்பிய எழுத்தாகவே கருதி வந்தது. ஒரு ககரத்தின் மூன்று பைட்டுகளையும் அவ்வாறு தனித்தனியே படித்தால், தலையில் சாய்கோடு தாங்கிய இலத்தீன் எழுத்தும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும், சில பொறிகளில் ஒரு கரும்புள்ளியுமே எஞ்சும். இவ்வலங்கோலத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். 2009இல் 'பிரீகான்வ்' என்னும் துணைநிரல் சேர்ந்தது. அது பைட்டுகளைக் கூட்டிப் படித்து, இன்ன எண்ணுடைய எழுத்து என்று குரோஃபுக்கு எடுத்துரைக்கிறது.

அவ்வளவில் வேலை முடிந்ததா? இல்லை. கணிப்பொறியின் மொழிச்சூழலும் யுடிஎஃப்-8 என அமைந்திருத்தல் வேண்டும். அன்றேல் வெளியீடு ஆங்கில எழுத்தளவில் நின்று, தமிழ் விடுபட்டுப் போகும்.

எல்லாம் அமைந்த பின்னும் முனையத்திரை இடர் தருவதுண்டு. அது சதுரங்கப் பலகைபோல் கட்டங்களால் ஆனது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் கணக்கு. நம் 'கொ'வில் ஒரே உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. புள்ளியோ தனக்கென இடமின்றி மெய்யின் தலைமேல் அமர்கிறது. இதனை அறியாத முனையத்தில் கொம்பு இடம்மாறும், வரியின் ஓரம் கோணும். லினக்ஸின் வெறும் எழுத்துத்திரைக்கு 512 வடிவங்களே எல்லை; எழுத்துகளை இணைத்து வரையும் ஆற்றலும் அதற்கில்லை.

ஆகவே மாணவர்களே, பக்கம் சிதைந்து தோன்றினால் கோப்பைத் திருத்த முற்படாதீர்கள். சிதைந்ததைச் சேமித்தால், நல்ல மூலமும் கெட்டுப்போகும். முதலில் மொழிச்சூழலைப் பாருங்கள். பிறகு வேறொரு முனையத்தில் திறந்து பாருங்கள். நான் இவ்வூர்ப் பெயரையே தட்டிச் சோதிப்பது வழக்கம். ஏகாரக் கொம்பு, மூன்று புள்ளிகள், இறுதி உகரம் என வேண்டிய சோதனைகள் பலவும் அந்த ஏழெழுத்துள் அடங்கிவிடுகின்றன.