கடன் எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை

2021 ஆகஸ்ட் 9 அன்று, அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதிலிருந்து ஊரெங்கும் பரவியது ஓர் எண்: ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன். சுமார் 5.70 லட்சம் கோடி ரூபாய் அரசுக் கடனை 2.16 கோடி குடும்பங்களுக்கு வகுத்தால் வருவது அது. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் எந்தக் குடும்பத்தின் வாசலுக்கும் அந்தக் கடனைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. வாங்கியது அரசு, பெரும்பாலும் கடன் பத்திரங்கள் மூலம் வாங்கி, பல ஆண்டுகளில் அடைக்கிறது.

கோடிகளில் சொன்னால் சாமானியருக்குப் புரியாது, குடும்பக் கணக்காகச் சொன்னால்தான் உறைக்கும் என்பார்கள். நியாயமான நோக்கம்தான். அப்படியானால் வருமானத்தையும் அதே போல் வகுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடன் மாநில உற்பத்தியில் 26.69 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அந்த உற்பத்தியை அதே குடும்பங்களுக்கு வகுத்தால் குடும்பத்துக்கு ஏறக்குறைய 9.9 லட்சம் ரூபாய் வரும். நெசவு ஊரான வெண்ணந்தூரில் ஒருவருக்கு இரண்டு லட்சம் கடன் என்றால், எத்தனை தறி ஓடுகிறது, கூலி எவ்வளவு வருகிறது, கடன் தறி வாங்கவா, வீட்டுச் செலவுக்கா என்றுதான் விசாரிப்பார்கள். அரசுக் கடனுக்கும் அந்த விசாரணை வேண்டும்.

அதற்காகச் சதவீதத்தை மட்டும் காட்டி ஆறுதல் சொல்வதும் சரியல்ல. 2025-26 பட்ஜெட்டின்படி, 2026 மார்ச் இறுதியில் கடன் 9.30 லட்சம் கோடியை எட்டும் என்று மதிப்பிடப்பட்டது. உற்பத்தியில் அது 26.07 சதவீதம். கடன் 60 சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது என்று எதிர்ப்பவர் சொல்லலாம். சுமை சற்றே குறைந்திருக்கிறது என்று ஆள்பவர் சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டும் பாதி. மாநில உற்பத்தி முழுவதும் அரசின் கஜானாவுக்கு வருவதில்லை. அந்த பட்ஜெட்டின்படி, அரசின் வருவாயில் நூறு ரூபாய்க்குச் சுமார் 21 ரூபாய் வட்டிக்கே போனது. அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது கடனில் ஒரு பகுதி அணையாகவோ சாலையாகவோ மாறாமல் அன்றாடச் செலவில் கரைகிறது. மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்களின் கடன் இந்த மொத்தத்தில் சேராது.

எனவே எந்தக் கட்சி எண்ணை நீட்டினாலும் மூன்று கேள்விகள் வேண்டும்: வருவாயில் வட்டி எவ்வளவு, கடன் எதற்குச் செலவாகிறது, கணக்கில் சேராத கடன் எது? இவற்றுக்குப் பதில் சொல்லாத கடன் எண்ணைப் பத்திரிகைகள் தலைப்பாக்கக் கூடாது. வாக்காளர் அதை நம்பித் தீர்ப்பளிக்கவும் கூடாது.